அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள்

மும்பைக்கு வந்து முப்பது வருடங்கள் ஆகிவிட்டன. ‘சர்நேம் என்ன?’ என்ற கேள்வி இன்னும் விட்டபாடில்லை. சங்க அன்பர்கள் அனைவருக்கும் பழகிய தொல்லைதான் இது. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயரைக் குறிக்கும் ஓர் இனிஷியல். முன்பெல்லாம் கவுண்டரில் இருக்கும் குமாஸ்தாவிடம் விளக்கினால் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார். கைப்பேசிச் செயலியிடம் எதை விளக்குவது?

சென்ற வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் செயலியில் பதிவு செய்தேன். ‘கடைசிப் பெயர்’ கேட்ட கட்டத்தில் ‘எஸ்’ என்று போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் மிரட்டியது. காலியாக விட்டாலும் மேலே போகவில்லை. வேறு வழியின்றி அப்பாவின் முழுப்பெயரைப் போட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தப் பெயரைத்தான் உரக்கக் கூப்பிட்டார். அப்பா காலமாகிப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. நான் எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது. ஆதாரில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் பணத்தை நிறுத்திவைத்தது தனிக்கதை.

பெங்களூரில் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் என் மகளிடம் பொரிந்து தள்ளினேன். “யாரும் வேணும்னு செய்யறதில்லைப்பா” என்றாள். வடிவமைப்பவர் மாதிரிக்கு ஒரு வடநாட்டுப் பெயரைப் போட்டு இரண்டு கட்டம் வரைகிறார். பார்க்க அழகாகப் பொருந்திவிடுகிறது. எந்தக் கட்டம் கட்டாயம், எத்தனை எழுத்து என்ற குறிப்பு படத்தில் இருக்காது. புரோகிராம் எழுதும் டெவலப்பரோ, கெடு நெருங்கிவிட்டதால், பழைய செயலி ஒன்றில் இருந்த விதியை எடுத்து ஒட்டிவிடுகிறார். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. செயலி வெளியான பிறகு மாற்றுவதென்றால் சேமித்து வைத்த பெயர்கள், பில், இன்ஷூரன்ஸுக்குப் போகும் விவரம் எல்லாவற்றிலும் கை வைக்கவேண்டும். யார் துணிவார்கள்?

என் அபிப்பிராயத்தில் தவறு வரைந்தவருடையதுதான் (மகள் கோபித்துக்கொண்டாலும் சரி). கட்டம் போடுகிறவர்தான் அது எதற்கு என்று டெவலப்பருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். 2016-லேயே 100 கோடிப் பேரைத் தாண்டிவிட்ட ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தானே? இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பும், பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையிலேயே தேவையா என்று யோசிக்கச் சொல்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். மாதிரிப் பெயராகத் தங்கள் பெயரையே இனிஷியலோடு போட்டால் என்ன?

மகள் அடுத்த படத்தில் அப்படித்தான் போட்டாள். “இது தட்டச்சுப் பிழையா?” என்று டெவலப்பர் ஃபோன் செய்தாராம். அரைமணி நேரம் பேசினார்களாம். அந்தச் செயலியில் இப்போது பெயருக்கு ஒரே கட்டம்.