ஒரு ஸ்பேஸ் விட்டதுக்கா இவ்வளவு ரகளை?

காலையில் ஜெராக்ஸ் கடை திறந்ததும் முதல் வேலை, பிரவுசர், கணக்கு எழுதும் எக்ஸல், ஸ்கேனர் சாஃப்ட்வேர் என ஒவ்வொன்றாகத் திறப்பதுதான். எல்லாவற்றையும் ஒரே டபுள் கிளிக்கில் திறக்க விண்டோஸில் ‘பேட்ச் ஃபைல்’ இருக்கிறது. நோட்பேடில் நாலு வரி எழுதி, பெயரின் கடைசியில் ‘டாட் பேட்’ சேர்த்து சேவ் செய்தால் போதும். அப்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் நோட்பேட் ‘டாட் டெக்ஸ்ட்’ என்று ஒரு வாலை ஒட்டிவிடும்.

பலரும் மாட்டிக்கொள்வது ஃபைல் பாத்தில்தான். அதாவது, புரோகிராம் குடியிருக்கும் விலாசம். பெரும்பாலானவை சி டிரைவில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும். அந்தப் பெயரின் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, அதுதான் வில்லன்! இடைவெளி வந்தால் பெயர் முடிந்துவிட்டது என்று நினைப்பது டாஸ் காலத்துப் பழக்கம். இடைவெளியோடு பெயர் வைக்கும் வசதி விண்டோஸ் 95-ல் வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை. ‘புரோகிராம்’ வரை படித்துவிட்டு, அப்படி எதுவும் இல்லையே எனக் கைவிரித்துவிடும். முழு விலாசத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் சரியாகிவிடும்.

அதற்குப் பிறகும் சிலருக்கு வெறும் கறுப்பு விண்டோதான் வரும். காரணம், ‘ஸ்டார்ட்’ கட்டளை. மேற்கோளுக்குள் முதலில் வருவதை விண்டோவின் தலைப்பு என்று அது எடுத்துக்கொள்ளும். யார் யோசனையோ! ஸ்டார்ட்டுக்குப் பின் காலியாக ஒரு ஜோடி மேற்கோள் போட்டு, அப்புறம் விலாசத்தை எழுதுங்கள்.

விலாசத்தைக் கையால் டைப் செய்யவே வேண்டாம். ஷார்ட்கட் ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ போங்கள். அங்கிருக்கும் ஃபைல்மேல் ஷிஃப்ட் அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் ‘காப்பி ஆஸ் பாத்’ கிடைக்கும். மேற்கோளோடு சேர்ந்தே வரும். ‘வரவு செலவு’ என்று தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்திருப்பவர்கள், முதல் வரியில் ‘சி.ஹெச்.சி.பி 65001’ கட்டளையைச் சேர்த்து, ஃபைலை யூ.டி.எஃப்-8 ஆக சேவ் செய்யுங்கள்.

புரோகிராம் திறக்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். பேக்கப் அப்படியல்ல. கடை மூடும்போது கணக்கை பென் டிரைவில் காப்பி செய்ய ஒரு பேட்ச் ஃபைல் வைத்திருக்கிறீர்கள். நேற்று வரை ‘இ’ டிரைவாக இருந்த பென் டிரைவ், கஸ்டமரின் பென் டிரைவும் செருகியிருந்தால் இன்று ‘எஃப்’ ஆகிவிடலாம். உங்கள் கணக்கு அவர் பென் டிரைவுக்குப் போய்விடும். ‘இ’ என்று எதுவுமே இல்லையென்றால், கறுப்பு விண்டோ கண் சிமிட்டி மறைந்துவிடும். ஹார்ட் டிஸ்க் போகும் நாளில்தான், பல மாதக் கணக்கு எங்குமே இல்லை என்பது தெரியும்.

கடைசி வரியில் ‘பாஸ்’ என்று சேருங்கள், பி.ஏ.யு.எஸ்.இ. விண்டோ மறையாமல் நிற்கும், எரர் வந்திருந்தால் படிக்கலாம். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் உங்கள் பென் டிரைவுக்கு ‘பி’ மாதிரி தள்ளியிருக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்து, அதையே விலாசத்திலும் எழுதுங்கள். இன்றைக்குக் கடை மூடும் முன், அந்த பென் டிரைவைத் திறந்து கடைசி ஃபைலின் தேதியை ஒருமுறை பாருங்கள்.