வரைந்தபடியே அச்சிடுவோம்

2010 ஜனவரி 24ஆம் திகதி வேலைக்குப் போன பிரகீத் எக்னெலிகொட இன்றுவரை வீடு திரும்பவில்லை. ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது இரண்டே நாள் இருந்தது. எழுதியும் கேலிச்சித்திரம் வரைந்தும் ஆட்சியைக் கேள்வி கேட்டவர் அவர். அதற்கு முந்திய ஓகஸ்டில் ஒருமுறை கடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை விடவில்லை. அவருடைய மனைவி சந்தியா நீதிமன்றத்திலும் ஜெனீவாவிலும் கேட்டுக் களைக்கவில்லை. 2022இல் காளி கோயிலில் தலையை மழித்து நீதி கேட்டார். பிரகீத் சிங்களவர் என்பதால் மலையகத் தமிழருக்கு இது அடுத்த வீட்டுக் கதையாகிவிடாது.

படத்தின் மேல் அதிகாரத்துக்கு உள்ள பயம் தனி. எழுத்துக்கூட்டத் தெரியாத பாட்டியும் லய வாசலில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தால், யாரைச் சொல்கிறது என்று உடனே பிடித்துவிடுவார். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் கேலி செய்த ஒரு சிரிப்புப் படத்துக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளில் விட்டார்கள். 2025 பெப்ரவரியில் அதே விகடனின் இணையத்தளம் முடக்கப்பட்டது. காரணம், ட்ரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கருத்துப்படம். முப்பத்தெட்டு வருடத்தில் மாறியது காகிதம் மட்டும்.

தடை விதிப்போர் முதலில் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் சொல்வார்கள். இரும்புக்கை மாயாவி சித்திரக்கதையைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்து வாத்தியாரிடம் அடி வாங்கியவர்களுக்கு இது தெரியும். அமெரிக்காவில் 1954இல் சித்திரக்கதை வெளியீட்டாளர்கள், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கூச்சலுக்குப் பயந்து தமக்குத் தாமே ஒரு தணிக்கைச் சபை வைத்துக்கொண்டார்கள். இரத்தக்காட்டேரிகளை விரட்டத் தொடங்கிய சபை, கொஞ்ச காலத்தில் ஒரு கதையின் நாயகனான விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்று சொன்னது. வெளியீட்டாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து, 1956இல் அந்தக் கதையை அப்படியே வெளியிட்டார். பேயைப் பிடிக்க வந்தவர்கள் மனிதன் முகத்தில் கை வைத்த அந்த இடத்தை நான் மறப்பதில்லை.

இங்கே இலங்கையில் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்கு அடுத்த மாதம், 2024 ஜனவரி 24ஆம் திகதி, பாராளுமன்றத்தில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. எது பொய் என்று சொல்ல ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. பிரகீத் காணாமற்போன அதே திகதி என்பது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

சட்டம் கதவைத் தட்டுவதற்கு முன்பே பயம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் இந்த இதழுக்கு ஒரு சித்திரக்கதை அனுப்பியிருந்தார். நான்கே கட்டம். மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார்கள். கணக்கப்பிள்ளையின் பேனை கழிவு போட்டுக் கிலோவைக் குறைக்கிறது. துண்டில் 'அரைப்பேர்' என்று, அதாவது அரைநாள் சம்பளம் என்று, விழுகிறது. கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண் லயத்துக்கு நடக்கிறாள். உடம்பில் பாதிதான் இருக்கிறது, மற்றப் பாதி வெறும் வெள்ளைத் தாள். "கடைசிப் படத்த மட்டும் எடுத்திருவமா அண்ணே, எதுக்கு வம்பு" என்றார் அச்சகத்தில் ஒருவர். அவர் கெட்டவர் இல்லை, குடும்பக்காரர். ஆனால் அந்தக் கட்டத்தை எடுத்தால் மிச்சம் மூன்றும் வெறும் வேலைக்காட்சி.

நம்மைக் குத்தும் படங்களுக்கும் இதே நியாயம்தான். மலையகத் தலைவர்களை, சங்கங்களை, ஏன் இந்த இதழையே கிண்டல் செய்து ஒருவர் வரைந்தால், அதற்காகப் பொலிசில் முறைப்பாடு கொடுப்பவர்களோடு நாங்கள் நிற்க மாட்டோம்.

அந்த நான்கு கட்டமும் நடுப்பக்கத்தில் முழுதாக இருக்கின்றன. அது பொய்யென்று படுகிற கணக்கப்பிள்ளைமார் தம் பக்கத்தை வரைந்தோ எழுதியோ அனுப்பலாம். அடுத்த இதழில் அதே அளவு இடம் தருவோம்.