கயிலைக்கு ஏன் அவசரம்?

புதுவைக் கடற்கரைச் சாலை, கடல் மட்டத்துக்குச் சில அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஊரில் மலை என்று சொல்ல எதுவும் இல்லை. கோரிமேடு இருக்கிறது. அதுவும் பெயருக்கு ஏற்ற மேடுதான், மலை அல்ல.

இந்த ஊரிலிருந்து ஒரு பெரியவர் கயிலாய யாத்திரைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மணக்குள விநாயகர் கோவிலில் தேங்காய் உடைக்கிறார். பேரன் பேத்திகள் ரெயில் நிலையம் வரை வந்து வழியனுப்புகிறார்கள். கயிலை மலையை வலம் வரும்போது அவர் தாண்டவேண்டிய டோல்மா கணவாயின் உயரம் என்ன? சுமார் 18,500 அடி!

கடற்கரையில் பிறந்து, கடற்காற்றைச் சுவாசித்து வளர்ந்த உடம்பு அது. அந்த உடம்பை எத்தனை நாளில் அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோவது? யாத்திரையில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஆனால் பணம் கட்டும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. "எத்தனை நாளில் திரும்பி வரலாம்? எவ்வளவு செலவாகும்?" என்ற இரண்டை மட்டும் கேட்கிறார்கள். நாள் குறைவாகச் சொல்லும் நிறுவனத்தில் கூட்டம் சேருகிறது.

இது ஆபத்தான வியாபாரம். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் உடம்பின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது.

அரை மூச்சு

மலைமேல் காற்றில் பிராணவாயு குறைவு என்று பலரும் சொல்வது உண்டு. அது சரியான விளக்கம் அல்ல. நூறு பங்கு காற்றில் 21 பங்கு பிராணவாயு. புதுவையிலும் அப்படித்தான், கயிலையிலும் அப்படித்தான். குறைவது காற்றின் அழுத்தம். மேலே போகப்போகக் காற்று நெருக்கம் குறைந்து லேசாகிவிடுகிறது.

18,000 அடியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். அங்கே ஒரு முழு மூச்சு இழுத்தால், அரை மூச்சுக்கு உண்டான பிராணவாயுதான் உள்ளே போகும். முழு வேலைக்கு அரைக் கூலி வாங்குகிறவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்? உடம்பும் அப்படித்தான் திண்டாடுகிறது.

ஆனால் உடம்பு கெட்டிக்காரத்தனமானது. சில நாள் அவகாசம் கொடுத்தால் அது சமாளித்துக்கொள்ளும். முதலில் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தின் தன்மை மாறும். அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்கள் வேலை செய்யும். அதனால் அடிக்கடி சிறுநீர் போகும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம்; உடம்பு மலைக்குப் பழகுகிறது என்பதற்கு அது அடையாளம். இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் பெருகுவதற்கோ சில வாரங்கள் ஆகும்.

மலை மருத்துவம் தெரிந்த டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 10,000 அடியைத் தாண்டிவிட்டால், முதல் நாள் இரவு தூங்கிய இடத்துக்கு மேல் 1,600 அடிக்கு உட்பட்ட உயரத்தில்தான் மறுநாள் இரவு தூங்கவேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இன்னொரு இரவும் தங்கவேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போனார் என்பதைவிட, இரவில் எங்கே படுத்தார் என்பதே முக்கியம்.

அந்த மூன்று பிரெஞ்சுக்காரர்கள்

உயரத்தில் மனிதனை வருத்துவது பிராணவாயுக் குறைவுதான் என்று நிரூபித்துக் காட்டியவர் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி. அவர் பெயர் போல் பேர். அவருடைய பெரிய நூல் 1878-ல் வெளிவந்தது. அப்போது புதுவையில் பிரெஞ்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னே ஒரு துயரம் நடந்தது. 1875 ஏப்ரல் 15-ந்தேதி, 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் பாரிசிலிருந்து வானில் ஏறினார்கள். குரோசே ஸ்பினெல்லி, சிவெல், திஸ்ஸாந்தியே என்பவர்கள் அவர்கள். பிராணவாயு நிரப்பிய பைகளையும் எடுத்துப் போயிருந்தார்கள். பலூன் சுமார் 28,000 அடி உயரம் போயிற்று. தரைக்கு வந்தபோது இருவர் பிணமாகக் கிடந்தார்கள். திஸ்ஸாந்தியே ஒருவர்தான் பிழைத்தார்.

பிராணவாயு பக்கத்திலேயே இருந்தது. பிறகு ஏன் இறந்தார்கள்? பிழைத்தவர் அதைச் சொன்னார். மேலே போனபோது வலியோ வேதனையோ தெரியவில்லை. மனதில் ஒருவித ஆனந்தம்தான் இருந்தது. குழாயை எடுக்கலாம் என்று நினைத்தபோது கை அசையவில்லை!

பலூன் சில மணி நேரத்தில் ஏறுகிறது. யாத்ரீகர் பல நாளில் ஏறுகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. உயரத்தில் மூளைக்குப் பிராணவாயு குறையும்போது, தனக்கு வந்திருக்கும் ஆபத்தை எடைபோடும் புத்தியும் மழுங்கிவிடுகிறது. தள்ளாடுகிறவர், "எனக்கு ஒன்றும் இல்லை, போகலாம்" என்கிறார்.

மலைக்கு வழிகாட்டி எதற்கு? பாதை காட்ட மட்டும் அல்ல. "போதும், நில்லுங்கள்" என்று சொல்வதற்கும்தான். காசு கொடுத்து அமர்த்திய ஆள் தானே என்று அவரை அதட்டுகிறவர்கள் உண்டு. நல்ல வழிகாட்டி அந்த அதட்டலுக்கு மசியமாட்டார்.

சிப்பாய்கள் பட்ட பாடு

பலமான ஆளை மலை ஒன்றும் செய்யாது என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. 1962-ல் சீனாவுடன் போர் மூண்டது. சமவெளியிலிருந்த இந்தியச் சிப்பாய்களை அவசரமாக இமயமலைக்கு அனுப்ப நேர்ந்தது. உடம்பு பழக அவகாசம் இல்லை. அவர்கள் நோஞ்சான்களா? இல்லை. நாள் தவறாமல் உடற்பயிற்சி செய்த வாலிபர்கள். அவர்களில் பலர் மலை நோயில் விழுந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்து இறந்தவர்களும் உண்டு.

இராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய தோழர்களும் மலை நோய் கண்ட 1,925 சிப்பாய்களைப் பற்றி 1969-ல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. மலை நோயைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் இந்தியச் சிப்பாய்களின் பங்கு பெரிது.

அதன்பின் இராணுவத்தில் கண்டிப்பான முறை வந்தது. 9,000 அடியிலிருந்து 12,000 அடிக்குள் ஆறு நாள் தங்கவேண்டும். 15,000 அடி வரை இன்னும் நான்கு நாள். அதற்கும் மேலே மறுபடி நான்கு நாள். துப்பாக்கி பிடிக்கும் இருபது வயது சிப்பாய்க்கே இத்தனை நாள்! அறுபது வயதில் முழங்கால் வலியோடு போகிறவருக்கு எத்தனை நாள் வேண்டும்?

சாலை வந்தது; உடம்பு மாறவில்லை

இந்திய அரசாங்கம் 1981 முதல் கயிலாய மானசரோவர் யாத்திரை நடத்தி வருகிறது. 2020 முதல் ஐந்து ஆண்டுகள் யாத்திரை நடக்கவில்லை. 2025-ல் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டில் லிபுலேக் கணவாய் வழியாக ஐந்து குழுக்களும், சிக்கிமில் உள்ள நாதுலா வழியாகப் பத்துக் குழுக்களும் போக ஏற்பாடாயிற்று. குழுவுக்கு ஐம்பது பேர். வயது 18-க்குக் குறையக்கூடாது, 70-ஐத் தாண்டக்கூடாது.

இந்த யாத்திரைக்கு மூன்று வாரம் பிடிக்கிறது. பலருக்கு இது அலுப்பாக இருக்கிறது. டெல்லியில் சில நாள் மருத்துவப் பரிசோதனை. பிறகு உத்தரகண்ட் மலைகளில் தார்ச்சூலா. அடுத்து 10,500 அடி உயரத்தில் குஞ்சி. அங்கே தங்கவேண்டும். மறுபடி பரிசோதனை. தேறாதவரை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேறியவர்கள் சுமார் 14,000 அடியில் இருக்கும் நாபிடாங் சேர்ந்து, அங்கும் தங்கிய பிறகுதான் கணவாயைக் கடந்து திபெத்துக்குள் போகமுடியும்.

முன்பு தார்ச்சூலாவைத் தாண்டியதும் நடை தொடங்கிவிடும். குஞ்சி சேர நான்கு நாள் ஆகும். கால் வலித்தது உண்மை. ஆனால் அந்த நடையே உடம்பைப் பழக்கியது. கொஞ்சம் கொஞ்சமாக உயரம் ஏறியதால், குஞ்சிக்கு வரும்போது உடம்பு பாதி தயாராகிவிடும்.

2020-ல் லிபுலேக் பக்கம் போகும் மலைச்சாலை திறக்கப்பட்டது. இன்று ஜீப்பில் ஒரே நாளில் குஞ்சி போய்விடலாம். நல்லதுதான், முதியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சாலை குறைத்தது நடையை மட்டும்தான். நுரையீரலுக்கு எந்தச் சாலையும் போடவில்லை. நடையில் போன நான்கு நாளைத் தங்கலில் ஈடுகட்டியே தீரவேண்டும். "ஜீப்பில்தானே வந்தோம், களைப்பே இல்லையே, ஏன் சும்மா உட்காரவைக்கிறார்கள்?" என்று முகாமில் முணுமுணுப்பதில் நியாயம் இல்லை.

நேபாளம் வழியாகத் தனியார் நிறுவனங்கள் அழைத்துப் போகும் பயணத்தில் வேகம் இன்னும் அதிகம். நேபாள்கஞ்ச் நகரம் சமவெளியில் இருக்கிறது. அங்கே வேர்த்துக் கொட்டும். அங்கிருந்து சிறு விமானத்தில் சிமிகோட். பிறகு ஹெலிகாப்டரில் ஹில்சா. ஹில்சா சுமார் 12,000 அடி உயரம்! வானிலை நன்றாக இருந்தால் வேர்வை காயுமுன் போய் இறங்கிவிடலாம். வானிலை கெட்டாலோ திரும்பி இறங்கவும் வழி இல்லை. 2018 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரீகர்கள் அந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். சில உயிர்களும் போயின.

தனியார் எல்லோரும் மோசம் என்று சொல்ல முடியாது. போதிய நாள் தங்கவைத்து, பிராணவாயுவும் மருந்தும் கையோடு வைத்து அழைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கட்டணம் கூடுதலாக இருக்கும். அதனாலேயே ஜனங்கள் அவர்களை விட்டுவிட்டு, குறைந்த கட்டணக்காரரிடம் போகிறார்கள்.

கற்பூரமும் குதிரையும்

யாத்திரை போகிறவர்கள் பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே போவது வழக்கம். வாசனை நன்றாக இருக்கும். மூக்கடைப்பு விட்டதுபோல இருக்கும். ஆனால் கற்பூரம் பிராணவாயு கொடுக்காது. அதை நம்பி மேலே ஏறுவது வீண்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. அது உடம்பு பழகுவதைச் சற்று விரைவாக்கும். டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிடவேண்டும். அதுவும் தங்கும் நாளுக்கு மாற்று அல்ல.

குதிரைமேல் போனால் தப்பிக்கலாம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கால் நோகாமல் இருக்கும். ஆனால் குதிரை நடந்தாலும் மூச்சு விடுவது மேலே உட்கார்ந்திருப்பவர்தானே!

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை இவை மலை நோயின் ஆரம்பக் குறிகள். அவை தீரும்வரை ஒரு அடிகூட மேலே போகக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாத இருமல் வந்தாலோ, நேர்கோட்டில் நடக்கமுடியாமல் தள்ளாடினாலோ உடனே கீழே இறங்கவேண்டும். இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இறங்குவதற்கு இணையான மருந்து இல்லை.

புறப்படுமுன் ஊரிலேயே பரிசோதனை செய்துகொள்வது அவசியம். புதுவைக்காரர்களுக்கு ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. இருதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் யாருக்கு மலை நோய் வரும், யாருக்கு வராது என்பதைக் கடற்கரையில் வைத்துச் சோதித்து எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. மேலே போனபிறகுதான் தெரியும்.

பாதியில் திரும்பினால்

இதில் குடும்பத்துக்கும் பொறுப்பு உண்டு. யாத்திரைக்கு ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது. பலர் ஆயுள் முழுவதும் சேர்த்த பணம். ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் புறப்பட்டிருப்பார்கள். குஞ்சியில் டாக்டர் "போகவேண்டாம்" என்றால் மனம் உடைந்துபோகும். பணத்தைவிட, ஊரில் என்ன சொல்வார்களோ என்ற பயமே பெரிதாக இருக்கும். "பாவம் செய்தவர், சாமி பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை" என்று பேசும் உறவினர்கள் எந்த ஊரில்தான் இல்லை? அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் சிலர் தலைவலியை மறைக்கிறார்கள். வழிகாட்டி கேட்டால் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்கிறார்கள்.

புறப்படும் நாளிலேயே மகனோ மகளோ, "அப்பா, முடியவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பணம் போனால் போகட்டும்" என்று சொல்லிவிடவேண்டும். கற்பூரப் பொட்டலத்தைவிட அந்த வார்த்தை அதிகம் உதவும். டெலிபோனில் பேசும்போதும், "எதுவரை போய்விட்டீர்கள்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "தலை வலிக்கிறதா? ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்கலாம்.

பயண நிறுவனங்கள் வெளியிடும் நோட்டீசில் சாப்பாட்டைப் பற்றி விவரமாக இருக்கிறது. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம் என்றுகூடப் போடுகிறார்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை அடி உயரத்தில் படுக்கை, எந்தெந்த ஊரில் எத்தனை நாள் தங்கல், ஒருவருக்கு நோய் வந்தால் கீழே இறக்க என்ன ஏற்பாடு என்பதையும் அதே நோட்டீசில் அச்சிடவேண்டும். அரசாங்கம் இதைச் சட்டமாக்கினால் நல்லது. அதுவரை பணம் கட்டுகிறவர்களே இந்த மூன்றையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதித் தர மறுக்கிறவரிடம் முன்பணம் கட்டவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.