முப்பது ஆட்டோடு நிற்கும் கணக்கு

பேரிடர் நிதியிலிருந்து கால்நடை இழப்புக்கு உதவி வழங்கும் இப்போதைய நெறிமுறைகளின் காலம் 2026 மார்ச் 31-உடன் முடிகிறது. 2026-31க்கான நெறிகள் எழுதப்படும்போதே நம் கால்நடைத் துறையின் குரல் டெல்லியில் கேட்க வேண்டும். அரசாணை நகல் கைக்கு வந்த பிறகு புலம்பிப் பயனில்லை.

தொகையைப் பற்றி நீட்டப் போவதில்லை. கறவை மாட்டுக்கு 37,500, உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். எந்தச் சந்தையிலும் இந்த விலைக்கு நல்ல உருப்படி கிடைக்காது. 'இது இழப்பீடு அல்ல, உதவி' என்ற பதிலும் நமக்குப் பாடம். (2022 அக்டோபரில் டெல்லி அறிவித்த தொகை, மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 2023 டிசம்பரில்தான் தமிழ்நாட்டில் கறவை மாட்டுக்கு 30,000-லிருந்து 37,500 ஆனது.) நோய்ச் சாவு பேரிடர்ப் பட்டியலிலேயே இல்லை, அதைத் தனியாகப் பேசுவோம்.

இந்த இதழ் நெடுநாளாகச் சொல்லிவருவது உச்சவரம்பைப் பற்றி. குடும்பத்துக்கு மூன்று பெரிய கறவை (மாடு) அல்லது முப்பது சிறிய கறவை (ஆடு). அதற்கு மேல் எத்தனை செத்தாலும் கணக்கில்லை என்று நெறியே சொல்கிறது. கொல்லையில் நாலு வெள்ளாடு கட்டியிருப்பவரை இது தொடாது. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து டெல்டாவுக்கு ஆட்டுக் கிடை போட வரும் மேய்ச்சல்காரரான கீதாரியைத்தான் அடிக்கும். திரும்பும் வழியில் மழை பிடித்து இருநூறு செம்மறி வெள்ளத்தோடு போனால் அவருக்குக் கிடைப்பது ஒரு லட்சத்து இருபதாயிரம். தலைக்கு அறுநூறு ரூபாய்! கிடையில் பங்காளி, மாமன், மச்சான் ஆடுகளும் சேர்ந்தே கிடக்கும். பங்கு பிரித்து மனுக் கொடுத்தால் வரம்பைத் தாண்டச் செய்த தந்திரம் என்பார்கள். கொடுக்காவிட்டால் எல்லாம் ஒரே குடும்பம்.

அந்த முப்பதும் எளிதில் வந்துவிடாது. செத்த ஊரில், 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்பார் கிராம நிர்வாக அலுவலர். சொந்த ஊருக்குப் போனால் காட்டுவதற்குச் சடலம் இருக்காது. மாநில அரசு குறிக்கும் அலுவலர் இழப்பைச் சான்றளித்தால் போதும் என்பதே மத்திய நெறி. ஆனால் தலைக்கொரு பிரேதப் பரிசோதனை அறிக்கை, தலைக்கொரு புகைப்படம் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த கோப்புகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆற்றோடு போன ஆட்டை எந்த மேசையில் கிடத்தி அறுப்பது? பொய்யாக எழுதினால் கால்நடை உதவி மருத்துவர் தலை உருளும். எழுதாவிட்டால் கீதாரி வயிற்றில் அடித்தவர் என்ற பெயரும் அவருக்கே.

இத்தனைக்கும் கணக்கு நம்மிடமே இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடக் கிடைக்கே போய் நின்று, இத்தனை உருப்படி என்று பதிவேட்டில் ஏற்றுகிறோம். துறையின் சாதனைப் பட்டியலுக்கு அந்த எண் செல்லும். நிவாரணத்துக்கு மட்டும் செல்லாதாம். கடைசித் தடுப்பூசிப் பதிவைச் சான்றாக ஏற்கலாம், செத்த இடத்து உதவி மருத்துவரே சான்றளிக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்தால் கருவூலத்துக்கு என்ன குறைந்துவிடும்? மேய்ச்சலையே தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்கு முப்பது என்ற வரம்பையும் எடுத்தாக வேண்டும்.

திருப்பி அனுப்பப்பட்ட கோப்புகளின் விவரத்தை, மனுதாரர் பெயரை மறைத்து, பிப்ரவரி இறுதிக்குள் எங்களுக்கு அனுப்புங்கள். துறைச் செயலாளருக்குக் கொடுக்கும் மனுவோடு இணைக்கிறோம்.