பெண் பிள்ளைக்குப் பயணம் எதற்கு?

"பெண் பிள்ளைக்குப் பயணம் எதற்கு?" என்ற கேள்வி நம் வீடுகளில் இன்றும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அண்ணன் நண்பர்களோடு நான்கு நாள் வெளியூர் சென்று வந்தால், "ஊர் உலகம் தெரிந்த பிள்ளை" என்று பாராட்டுகிறோம். தங்கை ஒரே ஒரு நாள் கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டால், "கல்யாணம் ஆனபின் கணவனோடு போய்க்கொள்ளலாம்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இது நியாயமா என்பதை நாம் அமைதியாகச் சிந்திக்க வேண்டும்.

பெண் பயணம் செய்வது நம் மண்ணுக்குப் புதுமையன்று. காரைக்கால் அம்மையார் கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார் என்பது நம் வட்டாரத்தில் குழந்தைகளும் அறிந்த வரலாறு. அந்த அம்மையாரின் ஊர்ப் பெண்களாகிய நாம் வாசற்படி தாண்டத் தயங்குவது பொருத்தமாகுமா?

திருச்சபை வரலாற்றிலும் இத்தகைய ஒரு பெண்மணி உண்டு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்பவர் மேற்கு நாட்டிலிருந்து புறப்பட்டு எருசலேம், எகிப்து, சீனாய் மலை ஆகிய இடங்களுக்கெல்லாம் சென்றார். தாம் கண்ட தலங்களையும், அங்கு நடந்த வழிபாடுகளையும் தம் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த அக்கடிதத்தின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கிடைத்தது. அக்காலத்து எருசலேமில் புனித வாரம் எவ்வாறு கொண்டாடப்பட்டது என்பதை அறிய அறிஞர்கள் இன்றும் அந்தப் பெண்ணின் எழுத்தையே நாடுகின்றனர். கப்பலும் இரயிலும் பெருகிய காலத்தில், பண்டித ரமாபாய் கைம்பெண்ணாகச் சிறு மகளுடன் 1883இல் இங்கிலாந்துக்கும், 1886இல் அமெரிக்காவுக்கும் சென்றார். அமெரிக்க மக்களின் வாழ்வைப் பற்றி 1889இல் மராத்தியில் நூல் எழுதினார். அங்கே பெண்கள் கற்பதையும் உழைப்பதையும் கண்ட அவர், தாய்நாடு திரும்பிக் கைம்பெண்களுக்குக் கல்விக்கூடம் நிறுவினார். ஒரு பெண்ணின் பயணம் எத்தனை பெண்களுக்கு விளக்கேற்றியது பாருங்கள்!

தமிழில் பயண நூல் என்றதும் நினைவுக்கு வருபவர் ஏ. கே. செட்டியார். 1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த இவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். காந்தியடிகளைப் பற்றிய படத்துண்டுகளைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். 1943 முதல் 'குமரி மலர்' இதழை நடத்தினார். "உலகம் சுற்றிய தமிழர்" என்று புகழப்பட்ட அவர், தம் பயணக் கட்டுரைகளில் தம்மைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுவார். வழியில் சந்தித்த சாதாரண மனிதர்களும், அவர்களுடைய பழக்க வழக்கங்களுமே அவர் எழுத்தில் முன்னே நிற்கும். பயணம் செய்பவர் கற்க வேண்டிய முதற்பாடம் இந்த அடக்கமே எனலாம்.

இன்று செல்பேசி வைத்திருக்கும் எவரும் பயணக் காட்சியைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டலாம். அதையே தொழிலாகக் கொண்டவர்களும் பலர் உள்ளனர். அது குற்றமன்று. வெளியே செல்ல இயலாத எத்தனையோ பேருக்கு அப்படங்கள் கண்ணாக உதவுகின்றன. ஆனால் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று தம் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஊருக்கு விரைவதைப் பயணம் என்று சொல்லலாமா? கால் போன இடத்திற்குக் கருத்தும் போக வேண்டுமன்றோ?

பயணம் எல்லோருக்கும் இன்பமாக அமைந்ததுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் காரைக்கால் துறைமுகத்திலிருந்தே ரீயூனியன் முதலிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏழை மக்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். அவர்கள் கண்ட கடலையும், பட்ட துயரையும் எழுதி வைக்கும் கல்வி அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. நமக்கோ கல்வி கிடைத்திருக்கிறது. அதனால்தான், பார்ப்பதோடு நில்லாமல் எழுதவும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

"செலவுக்கு எங்கே போவது? பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?" என்று பெற்றோர் கேட்கலாம். இவை அன்பிலிருந்து பிறக்கும் கேள்விகள். அவற்றை நாம் இகழவில்லை. ஆனால் பயணம் என்றால் பாரிசும் சிங்கப்பூரும்தானா? கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே பேருந்தில் சிறிது தூரம் சென்றாலே தரங்கம்பாடி வந்துவிடும். 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய ஊரும் அதுவே. தெற்கே சென்றால் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணிப் பேராலயமும் உள்ளன. காரைக்காலிலேயே, 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்ததற்கான அடையாளங்களைக் காணலாம். மூன்று சமயங்களும் மூன்று ஐரோப்பிய மொழிகளும் சந்தித்த கடற்கரையில் குடியிருந்துகொண்டு, அதை அறியாமலே பள்ளிப்படிப்பை முடித்துச் செல்வது கிணற்றுத் தவளையின் வாழ்வல்லவா?

பாதுகாப்புக்கு வழி பெண்ணைப் பூட்டி வைப்பதன்று. பேருந்து நேரம் பார்க்கவும், முன்பின் தெரியாதவரிடம் தெளிவாக வழி கேட்கவும், கைப்பணத்தை அளந்து செலவிடவும், தோழியரை விட்டுப் பிரியாமல் இருக்கவும் அவளுக்குப் பழக்குவதே வழி. நாளை மேற்படிப்புக்கோ வேலைக்கோ தனியே செல்ல வேண்டியவள் அவள். ஆசிரியையரின் துணையோடு செல்லும் ஒரு நாள் பயணத்தைவிட அதற்கு நல்ல பயிற்சி ஏது?

அன்புப் பெற்றோரே, ஆண்டுக்கு ஒரு நாளாவது உங்கள் மகளை உலகைக் காண அனுப்புங்கள். அன்புத் தோழியரே, செல்லும் இடத்தில் கண்ணையும் காதையும் திறந்து வையுங்கள். ஒரு மீனவப் பெண்ணிடமோ, கோவில் வாசலில் பூக்கட்டும் பாட்டியிடமோ பத்து நிமிடம் பேசுங்கள். வீடு திரும்பியதும், உறங்குமுன் ஒரு பக்கமாவது எழுதுங்கள். நாம் பார்த்த கடற்கரையும் தெருவும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்குமோ, யாரறிவார்? அன்று நம் பேத்தியர் எடுத்துப் படிக்க அந்த ஒரு பக்கம் இருக்கட்டும்.