மல்கியாவின் ஐந்தாம் வசனம்

விசுவாசியிடம் தேவன் எதிர்பார்ப்பது ஜெபம், ஆராதனை, தசமபாகம். கூலித் தகராற்றைச் சபைக்குள் கொண்டுவராதீர்கள் என்கிறார் ஒரு சகோதரர். வேதத்தை வைத்தே மறுக்கிறேன்.

தசமபாகத்துக்கு அவர் காட்டுவது மல்கியா 3:10. அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை ஏன் தாண்டிப் போனார்? கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவனையும், பரதேசிக்கு அநியாயம் செய்பவனையும் சூனியக்காரரோடும் விபசாரக்காரரோடும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது அது.

பரதேசி யார் என்று கும்மிடிப்பூண்டியில் விளக்க வேண்டியதில்லை. சிப்காட்டின் இரும்பாலைகளில் உலைக்கு முன்னால் நிற்பவர்களில் எத்தனையோ பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். திருவள்ளூர் சூளைகளில் முன்பணம் வாங்கிவிட்டுக் குடும்பத்தோடு செங்கல் அறுக்கிறார்கள். கடனைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பதை 1976-லேயே சட்டம் ஒழித்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் கூக்குரலைக் கேட்டுத்தான் தேவன் மோசேயை அனுப்பினார். யாத்திராகமத்தைப் பிரசங்கிக்கிற நமக்குப் பக்கத்துச் சூளை கண்ணில் படாதது எனக்கு வலிக்கிறது.

கிரியையால் இரட்சிப்பு இல்லையே என்பார். சரி, இல்லை. ஆனால் உபாகமம் 24 அன்றன்றைய கூலியைப் பொழுது சாயும் முன் கொடுக்கச் சொல்கிறது. சொந்த சகோதரனுக்கு மட்டுமல்ல, ஊருக்கு வந்த அந்நியனுக்கும்.

நம் சபைகளில் லேபர் கான்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள். சனிக்கிழமைப் பட்டுவாடா பாக்கி இருந்தால், மத்தேயு 5 சொல்கிறபடி காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அந்தத் தொழிலாளியின் ஷெட்டுக்குப் போகட்டும்.