டிரை கிளட்ச் நமக்கு வேணுமா?



"டிரை கிளட்ச், வெட் கிளட்ச் - வேறுபடுத்துக" என்று பரீட்சையில் கேட்டால் நாம் எல்லோரும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு எழுதி மார்க் வாங்கிவிடுவோம். ஹாஸ்டல் பேச்சு வேறு மாதிரி. "டுகாட்டி ரேஸ் வண்டியில டிரை கிளட்ச்தான்டா, நம்ம வண்டியிலதான் எண்ணெயில ஊறிக்கிட்டுக் கிடக்கு" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். விளக்கு அணைக்கும் நேரத்துக்குள் டிரை என்றால் உசத்தி, வெட் என்றால் மட்டம் என்று தீர்ப்பாகிவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கிளட்ச் கடத்தும் டார்க் என்பது உராய்வுக் கெழு, ஸ்பிரிங் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை ஆகிய நான்கின் பெருக்கல். காய்ந்த பிளேட்டுக்குக் கெழு சுமார் 0.3, எண்ணெயில் நனைந்ததற்குச் சுமார் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிளேட், இரண்டு பரப்பு என்றால் 0.3 × 2 = 0.6. அதே ஆரம், அதே அழுத்தத்தில் எண்ணெயில் இதை எட்ட ஆறு பரப்பு, அதாவது மூன்று பிளேட் போதும். ஆகவே வெட் கிளட்ச் பலவீனமானது என்பது சும்மா பேச்சு. பிளேட்டை அடுக்கினால் சரியாகிவிடும்.

சரி, கெழு குறையும் என்று தெரிந்தும் ஏன் எண்ணெயில் போடுகிறார்கள்? சூடுதான் காரணம். சாயங்காலம் ஆறு மணிக்கு திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டி ஓட்டிப் பாருங்கள். பஸ் பின்னாடி நிற்பதும் நகர்வதும், எல்லாம் பாதிக் கிளட்ச்தான். அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. டிரை கிளட்சுக்குக் காற்றுதான் கதி. ரேஸில் கிளட்ச்சுக்குப் பெரிய வேலை புறப்படும்போது மட்டும். பிளேட் போனால் மாற்ற ஆள் நிற்கிறான். நமக்கு யார் நிற்கிறார்கள்?

டிரை கிளட்ச்சில் நல்லதே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிளேட் தேய்ந்த தூள் எஞ்சின் ஆயிலில் கலக்காது. எண்ணெயின் இழுவை இல்லாததால் லீவரைப் பிடித்தால் சுத்தமாக விடுபடும். சத்தம் மட்டும், சில்லறை டப்பாவைக் குலுக்கின மாதிரி இருக்கும். அதுக்காகவே அந்த வண்டியை வாங்கினவர்களும் உண்டு!

"கழற்றி மாட்டுவது சுலபம்" என்று நாம் எழுதும் பாயின்ட் மட்டும் பாதி உண்மை. டுகாட்டியில் கிளட்ச் எஞ்சினுக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கிறது. மூடியைக் கழற்றினால் பிளேட் கையில் வந்துவிடும். பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸரில் கார் மாதிரி பிளைவீலோடு ஒற்றை டிரை பிளேட். அதை மாற்ற கியர்பாக்ஸையே பிரித்து எடுக்கணும். அந்த பிஎம்டபிள்யூ 2013-இல் தண்ணீரால் குளிரும் ஆர் 1200 ஜிஎஸ் வந்தபோது வெட் கிளட்ச்சுக்கு மாறிவிட்டது. டுகாட்டியும் 2012-இன் 1199 பனிகாலேயில் வெட் கிளட்ச்தான் போட்டது. பிறகு ரேஸுக்கென்றே வந்த பனிகாலே வி4 ஆர் வண்டியில் மறுபடி டிரை. எது எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிரை கிளட்ச்சைப் பார்க்க இத்தாலி போக வேண்டாம். நம் காலேஜ் ஸ்டாண்டிலேயே வரிசையாக நிற்கிறது. ஆக்டிவா மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இருப்பது டிரை கிளட்ச்தான்! பின் சக்கரத்துப் பக்கம், பெல்ட் ஓடும் உறைக்குள், எஞ்சின் ஆயில் படாத இடத்தில், வேகம் கூடினதும் ஷூக்கள் வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. (பழைய பஜாஜ் சேத்தக் வேறு ரகம், அதில் கிளட்ச் எண்ணெயில்தான்.) ஸ்கூட்டர் கிளம்பும்போது நடுங்குகிறது என்று வீட்டில் சொன்னால், பெல்ட் தூளும் ஷூவின் பளபளப்பும்தான் நான் முதலில் சந்தேகப்படுவது.

இது தெரியாததால் நான் பட்டது ஒன்று உண்டு. அக்கா ஸ்கூட்டருக்கு வாங்கின ஆயிலில் மிச்சம் இருந்தது. அதோடு இன்னொரு பாட்டில் அதே ஆயில் வாங்கி அண்ணனின் 100 சிசி பைக்கில் ஊற்றினேன். கடைக்காரரும் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார். அடுத்த ஞாயிறு ரெண்டு பேராகக் கொல்லிமலை கிளம்பினோம். 70 கொண்டை ஊசி வளைவில் இருபது தாண்டுவதற்குள் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் உட்கார்ந்தவன் இறங்கி நடந்தான். அண்ணனின் கிளட்ச் ஏற்கெனவே பாதி தேய்ந்தது, நான் ஊற்றினது மீதியை முடித்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் பாட்டிலைத் திருப்பிக் காட்டி, "தம்பி, டிப்ளமோ படிக்கிறீங்க, இதைப் படிக்கலையா?" என்றார்.

பின்பக்கம் இருந்தது ஜாசோ எம்பி. ஜப்பானியர்கள் 1998-இல் கொண்டுவந்த தரம் இது. வெட் கிளட்ச் வண்டிக்கு எம்ஏ. அதில் கிளட்ச் பிடிக்கிற அளவுக்கு உராய்வு விட்டு வைத்திருப்பார்கள். எம்பி அதைவிட வழுக்கும். ஸ்கூட்டரில் கிளட்ச் எண்ணெயைத் தொடுவதே இல்லை என்பதால் அங்கே அது நல்லது, நம் பைக்கில் அதுவே வினை. பெட்ரோல் மிச்சமாகும் என்று வழுக்கும் சரக்கு கலந்த கார் ஆயிலை பைக்கில் ஊற்றினாலும் இதே கதிதான்.

ஆகவே என் கட்சி இது: ஓட்டுகிற பைக்குக்கு வெட் கிளட்ச்தான் சரி, ஆனால் அதன் ஆயுள் ஊற்றுகிற எண்ணெயில் இருக்கிறது. வெட் கிளட்ச்சின் உண்மையான குறை உராய்வுக் கெழு இல்லை, எஞ்சினும் கிளட்ச்சும் ஒரே எண்ணெயைப் பங்கு போட்டுக்கொள்வதுதான். நாம் எழுதும் நாலு பாயின்ட்டில் இது வரவே இல்லை. நாளை சர்வீஸ் ஸ்டேஷனில் நிற்கப் போகிறவர்கள் நாம். கஸ்டமர் வண்டி மலையில் நின்றால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

நம் லேபில் அம்பாசிடர் கிளட்ச்சை வெட்டி வைத்திருக்கிறார்கள், நல்லது. பக்கத்திலேயே ஒரு ஸ்கூட்டர் கிளட்ச்சையும் ஒரு 100 சிசி கிளட்ச்சையும் பிரித்து வைக்கலாமே? காயலான் கடையில் எடைக்கே கிடைக்கும். துறைத் தலைவர் சார் சரி என்றால் தூக்கி வர எங்கள் செக்‌ஷனில் ஆள் ரெடி.